வலது பக்கத்துக் கீபோர்டு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. கம்ப்யூட்டர் கடையில இருந்துதானுங்களே? போன்ல ஆள் அனுப்பறோம்னாங்க, யாரோ ஒரு ஆம்பளையாளு வருமுன்னு இருந்தேன். பரவால்லீங்க. எங்க ரயில்வே லைன்லயும் இப்ப பொம்பளப்புள்ளைக எஞ்சின் ஓட்டுதுக. நல்லாவே ஓட்டுதுக. உக்காருங்க. அட, அந்தச் சேர் வேண்டாமுங்க, அது சௌந்தரத்துது. எம்பட ஊட்டுக்காரி. வலது பக்கம் அவதான் உக்காருவா. நீங்க இப்படி இடது பக்கம் ஸ்டூலப் போட்டுக்குங்க.

விசயத்தச் சொல்லிப்போடறேன். இது ப்ளேன் ஓட்டற கேமு. கேமுன்னா எம் பையன் பிரபுக்குக் கோவம் வரும், சிமுலேட்டர்ங்கோணும். நெசத்துல ப்ளேன்ல என்னென்ன இருக்குதோ அத்தனையும் இதுல இருக்குதாமா. ரெண்டு கீபோர்டு பாத்தீங்களா? எனக்கு முன்னால கெடக்கறது எனக்கு. வலது பக்கத்துல கெடக்குது பாருங்க பழசு, அது சௌந்தரத்துக்கு. கோளாறு என்னன்னா, ப்ளேன் எறங்கறப்ப, தரைக்குக் கிட்ட வந்தபின்னால, அதுவா வலது பக்கம் நகருது. நான் நேராத்தான் புடிச்சிருக்கேன். சாமி சத்தியமா நேரா. அதுவா சித்தெ வலது பக்கம் போகுது.

போயி எங்க நிக்குதுங்களா? நட்டநடுவுல. ஓடுபாதைல வெள்ளக்கோடு போட்டிருக்குதுல்லீங்க, அதுக்கு மேல.

சிரிக்காதீங்க அம்மிணி. நல்லதுக்கே நடந்தாலும் கோளாறு கோளாறுதானுங்க. நான் பிரேக்கே போடாம எஞ்சின் அதுவா வந்து பிளாட்பாரத்துல கரெக்டா நின்னுதுன்னா, அப்பாடான்னு ஊட்டுக்கு வந்துருவனா? புக்குல எழுதி ஷெட்டுக்குத்தான் அனுப்புவேன்.

முப்பத்திநாலு வருசமுங்க எஞ்சின்ல. நாச்சிமுத்து டிரைவர்னு ஈரோடு ஷெட்ல யார வேணாக் கேளுங்க. கடைசியில டிரைவர்ங்கற பேர எடுத்துப்போட்டு லோகோ பைலட்டுன்னு வெச்சாங்க. பேருதான் மாறுச்சு, சோறு அதே டப்பாவுலதான் தின்னோம். ஒரு செவப்பு சிக்னல் நான் தாண்டுனதில்ல. ஒரு ஆடு, ரெண்டு மாடு, அது அதுக தப்பு.

ரிட்டையர் ஆகறதுக்கு ரெண்டு வருசம் இருக்கறப்ப கண்ணு டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க. எப்பவும் போற டெஸ்டுதான். ஒரு கிண்ணத்துக்குள்ள மூஞ்சிய வெக்கச் சொல்லி, கையில ஒரு பட்டனக் குடுத்து, வெளிச்சம் மினுக்கறப்பெல்லாம் அமுக்குங்கன்னாரு டாக்டரு. அமுக்குனேன். மினுக்குனாத்தானுங்களே அமுக்கறது? அந்த மெஷின்ல வலது பக்கத்து பல்பு பூராவும் பீஸ் போயிக் கெடக்குது. நானே சொன்னேன். "சார், உங்க மெஷின்ல ஒரு பக்கம் எரியல, ஆளக் கூப்புட்டுப் பாருங்க"ன்னேன். அந்த மனுசன் என்னமோ எம்மேல எரக்கப்படற மாதர பாத்துப்போட்டு எழுதிட்டே இருந்தாரு. "நாச்சிமுத்து, கண்ணுல பிரஷர். வலது கண்ணுல ஓரம் பூரா போயிருச்சு. போனது வராது. தெனமும் மருந்து விட்டீங்கன்னா இடது கண்ணக் காப்பாத்தலாம். இல்லேன்னா அதுவும் இதே வழிதான்"னாரு.

அவ்வளவுதானுங்க. எஞ்சின்ல இருந்து எறக்கி லாபியில சேர் போட்டு உக்கார வெச்சாங்க. டூட்டிக்கு வர்றவன் குடிச்சிருக்கானான்னு மெஷின்ல ஊதச் சொல்றதும், கையெழுத்து வாங்கறதும். எங்கிட்ட அசிஸ்டெண்டா இருந்தவனெல்லாம் எம்முன்னால வந்து ஊதிட்டு எஞ்சினுக்குப் போறான். ரெண்டு வருசம். வயிறு எரியுமுங்க அம்மிணி. பொய் சொல்லக்கூடாது, பாத்ரூம்ல போயி அழுதிருக்கேன்.

மருந்துங்களா? பிரிட்ஜ்ல முட்ட வெக்கற எடத்துல நிக்குது. கண்ணு நல்லா இருக்கறவனுக்கு எதுக்குங்க மருந்து? சௌந்தரம் மாசம் ஒருக்கா கேப்பா, "கோயமுத்தூர் போயி ஒரு டாக்டரத்தான் பாத்துட்டு வந்துரலாமுங்க"ன்னு. எனக்குக் காதுல விழாது.

பாத்து, அந்தத் தண்ணி டம்ளர இக்கட்டால நகத்தி வெச்சுக்குங்க. இந்த ஊட்டுல டம்ளரக் கொண்டாந்து ஓரத்துல வெக்கற பழக்கம் யாருக்கும் போகாது. தட்டித் தட்டி மேஜையே ஊறிப்போச்சு. சௌந்தரம் வேற இப்பல்லாம் பூன மாதர நடக்கறா. முன்னாலயெல்லாம் கொலுசுச் சத்தம் வரும், ஆள் வர்றது தெரியும். இப்ப பொசுக்குனு பக்கத்துல நிக்கறா. ஊரே அப்படித்தான் ஆயிப்போச்சு. பன்னீர்செல்வம் பார்க்குப் பக்கம் நடந்து போனீங்கன்னா, வலது பக்கத்துல வர்ற வண்டிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிக்கறதில்ல. மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னுபோட்டு நம்மளத் திட்டறான்.

கம்ப்யூட்டரு பிரபு வாங்கிக் குடுத்தது. அவன் திருப்பூர்ல இருக்கறான். நான் ரிட்டையர் ஆகி ஊட்டுல உக்காந்து டிவிய மொறச்சுட்டு இருக்கறதப் பாத்துட்டு, "அப்பா, இந்தாங்க, ரயிலும் இருக்குது, ப்ளேனும் இருக்குது, ஓட்டுங்க"ன்னான். ரயில நான் தொடல. முப்பத்திநாலு வருசம் நெசத்த ஓட்டிப்போட்டு படத்துல ஓட்டறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? ப்ளேனப் புடிச்சேன்.

ஆனா ஒத்தையில ஓட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. எஞ்சின்ல எப்பவும் ரெண்டு பேரு. சிக்னல் தெரிஞ்சா நான் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லோணும், அசிஸ்டெண்டு ஒருக்கா சொல்லோணும். பச்சைன்னா பச்சை. மஞ்சள்னா மஞ்சள். கையையும் நீட்டிச் சொல்லோணும். பாக்கறவன் ஏதோ ரெண்டு பைத்தியம் போகுதுன்னு நெனப்பான். அதுதான் உசுரக் காப்பாத்தறது. அதனால பிரபுகிட்ட, "அம்மாளுக்கும் ஒரு கீபோர்டு மாட்டுடா, அவ எனக்கு அசிஸ்டெண்டு"ன்னேன்.

மாட்டுனா பாருங்க, அக்கப்போரு. கம்ப்யூட்டருக்கு எது எவருதுன்னு தெரியல. அவ லைட்டப் போட்டா எனக்கு எஞ்சின் நிக்குது. நான் வேகத்தக் கூட்டுனா அவளுக்கு கதவு தொறக்குது. ஆகாசத்துல கதவு தொறந்தா வெளங்குமுங்களா? அப்பறம் பிரபு ஏதோ ஒரு சாஃப்ட்வேர எறக்கிக் குடுத்தான். அது இந்தக் கீபோர்டு வேற அந்தக் கீபோர்டு வேறன்னு பிரிச்சுக் காட்டுது. அதுல ஒரு லிஸ்ட்டு இருக்குது. ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன வேலைன்னு நாமளே எழுதிக்கலாம். நானும் சௌந்தரமும் நாலு நாள் உக்காந்து எழுதுனோம். நான் சொல்லச் சொல்ல அவ தட்டுவா, எனக்கு அந்தச் சின்ன எழுத்து ஒத்து வராது. சக்கரம், ரெக்க, லைட்டு, பிரேக்கு. பிளாஸ்திரிய வெட்டி பட்டன் மேல ஒட்டி பேனாவுல எழுதுனது அவதான். பாருங்க, எழுத்து முத்து முத்தா இருக்குது. பத்தாவதுல ஸ்கூல் பஸ்ட்டு.

ஹாரனுக்கும் ஒரு பட்டன் இருக்குதுங்க. ப்ளேனுக்கு ஹாரன் கெடையாதாமா. அத எந்த மடையன் டிசைன் பண்ணுனானோ! பிரபு எங்க எஞ்சின் ஹாரன் சத்தத்தையே புடிச்சு அதுல போட்டுட்டான். தெனமும் சேலத்துல இருந்து கோயமுத்தூருக்குத்தான் ஓட்டறோம், சேலத்துல கெளம்பறப்ப சௌந்தரம் நீளமா ஒண்ணு அடிப்பா. பக்கத்து ஊட்டுக்காரரு மொதல் நாள் வெளிய ஓடி வந்து பாத்தாரு.

மொதல்ல அவ வரவே மாட்டேன்னா. "எனக்கெதுக்குங்க இந்தக் கருமம், அடுப்புல பருப்பு கெடக்குது"ன்னு. அப்பறம் புடிச்சுப்போச்சு. பத்து மணிக்கு டிபன் வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு, தலய வாரி, வேற சீல கட்டிட்டு வந்து உக்காருவா. நான் "சக்கரம்"ம்பேன். "சக்கரம் கீழ"ன்னு திருப்பிச் சொல்லுவா. "ரெக்க"ம்பேன். "ரெக்க ரெண்டு"ம்பா. நான் எஞ்சின்ல இருந்த காலத்துல மாசத்துல பாதி நாள் ஊட்டுல இருக்க மாட்டேன், இருந்தாத் தூங்குவேன். இவகிட்ட உக்காந்து பேசுனதே இல்லீங்க. இப்பத்தான், சேலத்துல ஏறி கோயமுத்தூர்ல எறங்கற நேரத்துலதான் பேசறோம். எனக்கு அது நெம்பப் புடிச்சிருக்குது. அவகிட்ட நான் சொன்னதில்ல. நீங்களும் சொல்லீராதீங்க.

கோளாறு எப்ப இருந்துங்களா? மொத ஒரு பத்து தடவ புல்லுல எறக்குனேன். பழக்கம் இல்ல, அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் சோறுகூட எறங்கல எனக்கு, பேசாமப் படுத்துட்டேன். அதுக்கு மறுநாள் எறக்கறேன், கடைசியில அதுவா நகந்து நடுக்கோட்டுல நிக்குது. அன்னையில இருந்து ஒண்ணுகூட தப்பல. நாப்பத்தொம்பது!

என்னது? அவ கீபோர்டுல அந்த ரெண்டு பட்டன்லயும் பொட்டுங்களா? ஆமாங்க, ஸ்டிக்கர் பொட்டுதான். சௌந்தரம் ஒட்டுனது. ஆயுத பூஜைக்கு ஒட்டியிருப்பா. மிக்சிக்கு ஒட்டறா, தண்ணி மோட்டாருக்கு ஒட்டறா, இதுக்கும் ஒட்டியிருக்கா. அது எதுக்குமில்ல, சாமிக்கு.

அவசரமா சரி பண்ணோணும்னு சொன்னதுக்குக் காரணம் இருக்குதுங்க. சித்தெ கிட்ட வாங்க, மிக்சி ஓடுது, அவளுக்குக் கேக்காது. இது அவளுக்கே தெரியாது.

ஆடி மாசம் நம்ம கேட் தூணு கார இடிச்சுப்போடுச்சு. ஆமாங்க, தூணுதான். மேஸ்திரி கட்டறப்பவே உள்ள தள்ளிக் கட்டியிருக்கான், பன்னண்டு வருசமாத் தெரியல, இப்பக் காட்டிக் குடுத்துருச்சு. வலது பக்கத்துக் கண்ணாடி போச்சு. பிரபு வந்து பாத்துட்டு கார் சாவிய எடுத்துட்டுத் திருப்பூர் போயிட்டான். பெத்த அப்பன்கிட்ட இருந்து சாவியப் புடுங்கறான் பாருங்க! நான் உட்டனா? தெனமும் போன். கடைசியில தொந்தரவு தாங்காம, "அப்பா, அந்தக் கம்ப்யூட்டர்ல அம்பது தடவ கீறல் இல்லாம எறக்கிக் காட்டுங்க, சாவி தர்றேன்"னான். முடியாதுன்னு நெனச்சிருப்பான். ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பறேன், அவனும் பாத்துட்டுத்தான் இருக்கறான். நாப்பத்தொம்பது ஆச்சு. இன்னைக்கு ஒண்ணு.

வர்ற ஞாயித்துக்கெழம எம் பேத்திக்குக் காது குத்துங்க, கொடுமுடிப் பக்கம் எங்க கோயில்ல. பேத்தி, மருமக, சௌந்தரம், எல்லாத்தையும் கார்ல வெச்சு நானே கரூர் ரோட்டுல ஓட்டிட்டுப் போகோணும். பேத்தி எம் மடியில உக்காந்து ஸ்டியரிங்கப் புடிக்கோணும்ங்கறா. அதுக்கு முன்னால இந்தக் கோளாறச் சரி பண்ணிப்போடுங்க. நாளைக்கு பிரபு, "மெஷினு தானா எறக்குச்சு, நீங்க எறக்கல"ன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாது.

மிக்சி நின்னுபோச்சு.

வா சௌந்தரம். காப்பியா? அம்மிணிக்குக் குடு. எப்ப வந்து நின்ன நீ? என்ன அப்படிப் பாக்கற? கேட்டுட்டியா? சரி, கேட்டா என்ன, உங்களுக்கெல்லாம் ஆச்சரியமா இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். என்ன, பேத்தியையா? ஆமா, பேத்தியத்தான். அவளுக்கில்லாத காரா? போயி கையத் தொடச்சுட்டு வந்து உக்காரு, அம்பதாவது எறக்கறோம். அம்மிணி சாட்சி.

லிஸ்ட்டத் தொறந்துட்டீங்களா அம்மிணி? எல்லாம் சரியா இருக்குதா? அப்படீன்னா? ரெண்டு பட்டன் அதிகமா? இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணா? திருப்பறதெல்லாம் எங்கிட்டத்தானுங்க இருக்குது, அவளுக்கு நான் அதக் குடுக்கலியே! பொட்டு ஒட்டுன ரெண்டுமா? ஓஹோ! பாத்தீங்களா, புடிச்சுட்டீங்க. பொட்டுப் பசை எறங்கி பட்டன் அதுவா அமுங்குது, அதான் நகருது. இருங்க இருங்க, இப்ப எடுக்காதீங்க. மொதல்ல கோளாற உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டு அப்பறம் எடுங்க.

சௌந்தரம், என்ன மடியில கைய வெச்சுட்டு உக்காந்திருக்கற? சரி. அதா பாருங்க அம்மிணி, கோயமுத்தூரு. உயரம் ஆயிரத்தி ஐநூறு அடி. சக்கரம்! திருப்பிச் சொல்லு புள்ள. ம். ரெக்க! என்ன குரலு இன்னைக்கு இப்படிப் போகுது? ஆயிரம். பாருங்க, எவ்வளவு நேரா இருக்குது, நூல் புடிச்ச மாதர. எட்நூறு. இப்ப நகராது. ஐநூறு. இனிமேத்தான், பாத்துட்டே இருங்க, வலது பக்கம் நகரும். முந்நூறு. இப்ப நகரும். எரநூறு. நகரும் பாருங்க. நூறு. இந்தா, இப்ப... அம்பது... ஏன் நகரல? சௌந்தரம், ஏன் நகரல?

புல்லு.

புல்லுல போயி, ரெக்க ஒடஞ்சு... செவப்பா என்னமோ எழுதறான்.

சரி. ஆக, கோளாறு சரியாயிருச்சுன்னு அர்த்தம். லிஸ்ட்டத் தொறந்தப்பவே நீங்க கைய வெச்சுட்டீங்க போல. கைய வெக்கலையா? அப்பறம் எப்படிங்க? கோளாறு இருந்தா நடுக்கோட்டுல எறங்குது, கோளாறு இல்லாட்டிப் புல்லுல எறங்குதுன்னா, இது என்ன நாயம்?

என்ன சௌந்தரம்? தொடலையா? எதத் தொடல?

இரு. இரு, மறுபடி சொல்லு. நாப்பத்தொம்பதையுமா? நீயா போட்ட அந்த ரெண்டு பட்டனையும்? நாலு நாள் பக்கத்துல உக்காந்து தட்டுனதுல கத்துக்கிட்டியா? பாக்காம வெரல் வெக்கறதுக்குத்தான் பொட்டா?

அட பாவி! முப்பத்தாறு வருசம் எங்கூடப் பொழச்சவ, எம் பக்கத்துல உக்காந்துட்டு, எனக்கு ஒளிச்சு, என்னய இப்படிக் கேனையனாக்கி... போட்டோ எடுத்து அனுப்பிச்சிருக்கேன் அம்மிணி, நாப்பத்தொம்பது போட்டோ! நல்லா இருப்பியா நீ?

என்ன சொல்ற? ஒளிக்கலையா? எனக்கு முன்னாலயேதான் அமுக்குனியா? கேட்டீங்களா அம்மிணி கதைய. கை இந்தா, எம் மூஞ்சிக்கு ஒரு மொழத்துலதான் இருந்துதாமா. மொத நாள் பயந்துட்டே அமுக்குனாளாமா, நான் பாத்துருவேன்னு. நான் பாக்கலையாமா. ரெண்டாம் நாளும் பாக்கலையாமா. அப்பறம் பயமே போயிருச்சாமா. அவளுக்கு வேற பயம் வந்துருச்சாமா.

அழுகாத. எதுக்கு இப்ப அழுகற, ஊட்டுக்கு வந்தவிய முன்னால? எறக்குன அன்னைக்கு நான் மத்தியானம் வரைக்கும் பேசறனா? எறக்காத அன்னைக்குச் சொவுத்தப் பாத்துப் படுத்துக்கறனா? அதுக்காக?

சரி, அது வேற. அது... சரி. ஆனா ஏன் இன்னைக்குத் தொடல? ம்? என்ன?

காருல அவ பக்கத்துல பட்டன் இல்லையாமா.

நல்லாப் பேசறா. எங்க டாக்டரே பரவால்ல. சரி, எதுக்கு வளவளன்னு, இப்பவே தீத்துக்கலாம். அம்மிணி, நீங்க சாட்சி, பொய் சொல்லக்கூடாது. நான் இப்படி ஸ்க்ரீனப் பாத்து நேரா உக்காந்துக்கறேன். தலயத் திருப்ப மாட்டேன். சௌந்தரம், நீ இருக்கற எடத்துலயே கையத் தூக்கி வெரலக் காட்டு. எத்தனன்னு நான் சொல்றேன். சொல்லிட்டன்னு வெச்சுக்க, நீயே பிரபுக்குப் போன் போட்டு சாவியக் கொண்டாரச் சொல்லோணும். சொல்லலைன்னா நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன், மருந்து விட்டுக்கறேன், போதுமா? ம். காட்டு.

காட்டு புள்ள.

என்ன யோசன? நீதானே இத்தன பேசுன. ஒண்ணோ ரெண்டோ, சட்டுனு காட்டு. நான் ஒண்ணும் திரும்பல. கையத் தூக்கு மொதல்ல.

அம்மிணி, நீங்களாவது சொல்லுங்க அவகிட்ட. என்னங்க? எதுக்கு எம் மூஞ்சிய இப்படிப் பாக்கறீங்க?

காட்டிட்டுத்தான் இருக்காளா?

எப்பப் புடிச்சு?

எத்தன வெரலுங்க?

அஞ்சுமா.

கைய எறக்கு சௌந்தரம். வலிக்கும். ஞாயித்துக்கெழம நாம பாசஞ்சர்லயே போயிக்கலாம்.